அசலா, நகலா? பிரிட்டிஷ் சக்கிமுக்கித் துப்பாக்கிகளைச் சேர்ப்போர் அறிய வேண்டியவை

பழம்பொருள் சேகரிப்பு என்றதும் நம்மவர்களில் பலருக்கு அஞ்சல்தலையும் நாணயமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் 18ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிகளைச் சேர்ப்போர் ஏராளம். அவர்களில் ஒரு பிரிவினர் அசலைத் தேடிப் போவதில்லை. அசலைப் பார்த்து இன்றைய பட்டறைகளில் செய்யப்பட்ட நகலையே விரும்பி வாங்குகின்றனர். அதிலும் பெரும்பாலோர் நாடுவது, பிரிட்டிஷ் காலாட்படையினர் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தோளில் சுமந்த 'பிரவுன் பெஸ்' எனும் நீண்ட துப்பாக்கியின் நகலைத்தான்.

நகலுக்குப் போய்ப் பணம் செலவழிப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நகல் என்று தெரிந்து, எதற்காக வாங்குகிறோம் என்பதும் தெரிந்து வாங்கினால் அது நல்ல பாடநூல். இந்த இரண்டில் ஒன்று தெரியாமல் வாங்கினால் பணம் போகும். சில வேளைகளில் கண்ணோ விரலோ போகும். நம்மைப் போன்ற நாடுகளில் வழக்கும் வரும். ஆகவே இந்தப் பொழுதுபோக்கைத் தூர நின்று ரசிப்பவர்களும்கூட இதன் உள்விவகாரங்களை அறிந்து வைத்திருப்பது நல்லது.

பிரவுன் பெஸ் என்பது எது?

பிரவுன் பெஸ் என்பது அரசாங்கம் வைத்த பெயர் அன்று. சிப்பாய்கள் வாய்வழக்கில் வைத்த செல்லப்பெயர். 1785இல் லண்டனில் வெளிவந்த பிரான்சிஸ் குரோஸ் என்பவரின் கொச்சைச் சொல் அகராதியிலேயே இப்பெயர் இடம்பெற்றுவிட்டது. அரசு ஆவணங்களில் இதற்கு 'லேண்ட் பேட்டர்ன்', அதாவது தரைப்படை மாதிரி என்று பெயர். ஒரு மாதிரித் துப்பாக்கியைச் செய்து லண்டன் கோபுரக் கோட்டையில் வைப்பார்கள். குழல், இரும்பு வேலை, மரவேலை ஆகியவற்றைத் தனித்தனிக் கைவினைஞர்களிடம் கொடுத்து, அந்த மாதிரியைப் பார்த்துச் செய்யச் சொல்வார்கள். அதனால்தான் 'பேட்டர்ன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

சேகரிப்போர் இதை முக்கியமாக மூன்று வகையாகப் பிரிக்கின்றனர். முதலாவது, 1720களில் உருவான நீண்ட வகை. இதன் குழல் 46 அங்குலம். இரண்டாவது, 1768இல் ஏற்கப்பட்ட குறுகிய வகை. இதன் குழல் 42 அங்குலம். மூன்றாவது 'இந்தியா பேட்டர்ன்'. இதன் குழல் 39 அங்குலம் மட்டுமே. இந்த மூன்றாம் வகை கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்தியப் படைகளுக்காகச் செய்வித்தது. 1790களில் பிரான்சுடன் போர் மூண்டபோது பிரிட்டிஷ் அரசிடம் போதிய துப்பாக்கிகள் இல்லை. கம்பெனியின் கையிருப்பை வாங்கிய அரசு, 1797இல் அதையே தன் படைக்கும் மாதிரியாக ஏற்றுக்கொண்டது. செய்வதற்கு எளிது, செலவும் குறைவு என்பதால் நெப்போலியன் காலப் போர்கள் முடிவதற்குள் 20 லட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. சென்னைக்கும் வங்காளத்துக்கும் போகவேண்டிய ஒரு துப்பாக்கி, வாட்டர்லூ போர்க்களம் வரை போனது இப்படித்தான்.

மூன்று வகைக்கும் பொதுவான அம்சங்கள் உண்டு. குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம். ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். எடை நாலரைக் கிலோவை ஒட்டியிருக்கும். அடிக்கட்டை வால்நட் மரம். கட்டையைச் சுற்றியுள்ள பூண்களும் அடித்தகடும் பித்தளை. முனையில் 17 அங்குலக் குத்தீட்டியைச் செருகிக்கொள்ளலாம்.

தீப்பொறி பிறக்கும் விதம்

சக்கிமுக்கிக் கல்லை எஃகில் உரசினால் பொறி பறக்கும் என்பது நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த செய்திதான். அதையே இயந்திரமாக்கினால் கிடைப்பதுதான் இந்தத் துப்பாக்கி.

'குதிரை' எனப்படும் வளைந்த கையின் வாயில், தோல் சுற்றிய ஒரு சக்கிமுக்கிக் கல் இறுகக் கவ்வப்பட்டிருக்கும். விசையை அழுத்தியதும் வில் விடுபட்டு, குதிரை பாய்ந்து, எதிரே நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தகட்டின் முகத்தைக் கல் சுரண்டுகிறது. அந்த அடியில் தகடு பின்னால் சாய, அதன் கீழே மூடியிருந்த சிறு கிண்ணி திறந்துகொள்கிறது. கிண்ணியில் ஒரு சிட்டிகை கருமருந்து இருக்கும். பொறி அதில் விழுந்து தீப்பற்ற, அந்தத் தீ குழலின் பக்கவாட்டிலுள்ள ஊசித்துளை போன்ற தீத்துளை வழியே உள்ளே சென்று, அங்குள்ள மருந்தைக் கொளுத்துகிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தாலும், கிண்ணி எரியும் 'புஸ்' ஒலியும் குழல் வெடிக்கும் ஓசையும் அடுத்தடுத்து இரண்டாகக் கேட்கும். ஊமைப் படங்களில் மட்டும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

குழலின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர் என்றால், அதில் போடும் ஈயக்குண்டின் விட்டம் ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர்தான். வேண்டுமென்றே இடைவெளி விட்டார்கள். கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும். சில சுடுதலுக்குப் பிறகும் குண்டு தடையின்றி இறங்கவேண்டும் என்பதுதான் நோக்கம். அதற்குக் கொடுத்த விலை குறி. இடைவெளியில் குண்டு தட்டுத்தடுமாறி வெளிவருவதால், 100 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒரு தனி மனிதனைக் குறிவைத்து அடிப்பது நம்பத்தகாத காரியம். அதனால்தான் வீரர்கள் வரிசை வரிசையாகத் தோளோடு தோள் நின்று, கட்டளைக்கு ஒரே நேரத்தில் சுட்டனர். நன்கு பழகியவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். பின்புறம் குறிபார்க்கும் பட்டிகூட இந்தத் துப்பாக்கியில் கிடையாது.

கல் மழுங்கும், மருந்து ஈரமாகும், தீத்துளை அடைபடும். 1834இல் பிரிட்டிஷ் ராணுவம் ஒரு சோதனை நடத்தியது. சக்கிமுக்கித் துப்பாக்கிகளும், புதிதாக வந்த வெடிமூடித் துப்பாக்கிகளும் தலா 6,000 முறை சுடப்பட்டன. வெடிமூடி வகை 166 தடவைக்கு ஒருமுறை தவறியது. சக்கிமுக்கி வகையோ ஏறக்குறைய ஆறு ஏழு தடவைக்கு ஒருமுறை தவறியது. அடுத்த பத்தாண்டுக்குள் சக்கிமுக்கியின் காலம் பிரிட்டிஷ் படையில் முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் பேசப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு உரியதன்று. அது வெடிமூடியில் இயங்கிய 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளுக்கு உரியது. பிரவுன் பெஸ்ஸுக்கும் காகிதப் பொட்டலத் தோட்டாவைப் பல்லால் கடித்துத்தான் கிழித்தார்கள் என்றாலும், அந்தச் சர்ச்சை இதனுடையதன்று.

இந்த வட்டாரத்தோடு உள்ள உறவு

இது வெள்ளைக்காரர் துப்பாக்கி, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. நீரிணைக் குடியேற்றங்களான பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றின் காவலுக்குக் கம்பெனி அனுப்பியது பெரும்பாலும் இந்தியச் சிப்பாய்களை. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தனர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற இடப்பெயர் அவர்கள் தங்கியிருந்த வரிசை வீடுகளின் நினைவாக எஞ்சியது.

1831-32இல் மலாக்காவை அடுத்த நானிங்கில் டோல் சைட் தலைமையில் மக்கள் வரி கொடுக்க மறுத்தபோது, அவர்களுக்கு எதிராக அனுப்பப்பட்ட படையில் சென்னைச் சிப்பாய்களே முதன்மையானவர்கள். முதல் படையெடுப்பு தோற்றுத் திரும்பியது. சதுப்பும் காடும் நிறைந்த அந்த நிலத்தில், நிமிர்ந்து நின்று வரிசையாகச் சுடுவதற்கென்றே உருவான நீண்ட துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். மழை ஈரத்தில் கிண்ணியின் மருந்து நனைந்துவிட்டால், கையில் இருப்பது குத்தீட்டி செருகிய தடி மட்டுமே. நானிங் போரைப் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களுக்கு, அந்த நாலரைக் கிலோவைக் கையில் தூக்கிப் பார்த்தால் பாடம் வேறுவிதமாகப் புரியும்.

அசல் இருக்க நகல் எதற்கு?

அசலைச் சுடக்கூடாது என்பதுதான் முதல் காரணம். இருநூறு ஆண்டுப் பழைய இரும்பின் உள்ளே எங்கே விரிசல் உள்ளது என்பது வெளியே தெரியாது. சுட்டால் ஆபத்து, சுடாமல் உதிரிப் பாகத்தை மாற்றினாலும் வரலாற்றுச் சான்று அழிகிறது. ஒரு திருகாணியைப் புதிதாகப் போட்டாலும் அந்தப் பொருளின் சாட்சியம் குறைந்துபோகிறது.

நகலுக்கு இந்தத் தடை இல்லை. பிரித்துப் பார்க்கலாம், திருப்பிப் பூட்டலாம், அணிவகுப்புக்கு எடுத்துப் போகலாம், சட்டம் அனுமதிக்கும் நாட்டில் சுட்டும் பார்க்கலாம். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமான 1775 ஏப்ரல் 19 மோதலை, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகின்றனர். வாட்டர்லூ போரின் 200ஆம் ஆண்டான 2015இல் பெல்ஜியத்தில் சுமார் 5,000 பேர் பழைய சீருடையில் களமிறங்கினர். இத்தகைய நிகழ்வுகளில் வெடித்துப் புகை கக்குபவை பெரும்பாலும் நகல்களே.

இந்தத் தேவைதான் நகல் தொழிலை வளர்த்தது. 1976இல் அமெரிக்கா தன் 200ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது, ஆயிரக்கணக்கானோர் அந்தக்காலப் படைவீரராக வேடம் பூண விரும்பினர். அதையொட்டி ஜப்பானின் மிரோகு நிறுவனம்கூட பிரவுன் பெஸ் செய்து ஏற்றுமதி செய்தது. இன்று மிரோகு நகலுக்கே தனியாகச் சேகரிப்போர் இருக்கின்றனர். நகலும் ஐம்பது ஆண்டு கடந்தால் ஒருவகைப் பழம்பொருள் ஆகிவிடுகிறது போலும்!

விலையும் ஒரு காரணம்தான். ஆனால் எப்போதும் அன்று. 2003இல் காத்மாண்டுவின் லகன் சிலேகானா அரண்மனையில் நேபாள அரசு பல தலைமுறையாகக் குவித்து வைத்திருந்த பழைய ஆயுதங்களை இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. கம்பெனி முத்திரையுள்ள அசல் பிரவுன் பெஸ்களும் அக்குவியலில் இருந்தன. அழுக்கும் துருவும் ஏறியிருந்தாலும் அவை அசல். அவை சந்தைக்கு வந்தபின், சுவரில் மாட்டி வைக்க மட்டும் விரும்புபவர் அசலையே யோசிக்கலாம் என்ற நிலை வந்தது. கையாளவும் சுடவும் விரும்புபவருக்குத்தான் நகல் ஏற்றது.

நகல்களில் எத்தனை வகை?

நான்கு வகை எனலாம்.

முதல் வகை, வெறும் அலங்காரப் பொருள். ஸ்பெயினின் மினோர்கா தீவிலுள்ள டெனிக்ஸ் நிறுவனம் செய்பவை இவ்வகை. துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. சுடவே முடியாது. மேடை நாடகத்துக்கும் வரவேற்பறைச் சுவருக்கும் போதும்.

இரண்டாம் வகை, இந்தியாவில் செய்து அமெரிக்கா, கனடா, பிரிட்டன் வணிகர்கள் வழியே விற்கப்படுபவை. நீண்ட வகை, குறுகிய வகை, கடற்படை வகை என்று மற்றவர் செய்யாத மாதிரிகளும் இதில் கிடைக்கும். விலையும் குறைவு. அடிக்கட்டைக்கு வால்நட் மரத்துக்குப் பதில் பெரும்பாலும் தேக்கு போன்ற மரத்தைப் பயன்படுத்துகின்றனர். பல துப்பாக்கிகள் தீத்துளை இடப்படாமலே ஏற்றுமதியாகின்றன. துளை இல்லாவிட்டால் அது சுடும் கருவி அல்ல என்பது விற்போரின் வாதம். துளையிடும் பொறுப்பும் அதன்பின் வரும் ஆபத்தும் வாங்கியவர் தலையில் விழும்.

மூன்றாம் வகை, இத்தாலியின் கார்டோனே வால் டிராம்பியா என்ற ஊரில் 1957இல் தொடங்கப்பட்ட பெடர்சோலி நிறுவனத்தின் தயாரிப்பு. அந்தப் பள்ளத்தாக்கே பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர் போனது. இவர்களின் பிரவுன் பெஸ் 42 அங்குலக் குழல் கொண்டது. விலை 1,000 அமெரிக்க டாலருக்கு மேல். குழல் அரசாங்கச் சோதனைக்கூடத்தில் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்கும்.

நான்காம் வகை, பழைய அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த பாகங்களை வாங்கி, தேர்ந்த கைவினைஞர் ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்வது. அசலுக்கு மிக நெருக்கமானது இதுவே. விலையும் அதற்கேற்ப ஏறும்.

எந்த நகலும் முழுக்க அசலைப் போல் இருக்காது. பெடர்சோலி துப்பாக்கியின் பூட்டுத் தகட்டில் 'கிரைஸ் 1762' என்று பொறித்திருக்கும். கிரைஸ் என்பவர் அக்காலத்தில் அரசுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த ஒப்பந்தக்காரர். குறுகிய வகை ஏற்கப்பட்டது 1768இல். ஒப்பந்தக்காரர் பெயரையும் ஆண்டையும் பூட்டில் பொறிக்கும் வழக்கம் 1764இல் நிறுத்தப்பட்டு, 'டவர்' என்ற சொல் மட்டும் பொறிக்கப்பட்டது. ஆக, அந்த ஆண்டும் அந்த மாதிரியும் ஒன்றோடொன்று அவ்வளவாகப் பொருந்துவதில்லை. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு நகலே ஆசிரியர் ஆகிவிடுகிறது.

வாங்கும் முன்

சட்டப்படி சுட அனுமதியுள்ள நாட்டில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அழகை அன்று, குழலின் அடிமூடியை. குழலின் பின்பக்கம் திருகப்பட்டிருக்கும் அந்த இரும்பு அடைப்புதான் சுடுபவரின் முகத்துக்கும் வெடிப்புக்கும் நடுவில் நிற்பது. அதன் மரை முழுமையாகக் கவ்வியிருக்கிறதா என்பதைத் தகுதிபெற்ற துப்பாக்கித் தச்சர் ஒருவர் பார்த்துச் சொல்லவேண்டும்.

இரண்டாவது, சோதனை முத்திரை. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்காம் சோதனைக்கூடம் 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. வழக்கத்தைவிட மிகுதியான மருந்தை இட்டு, குழல் தாங்குகிறதா என்று பார்த்து முத்திரை குத்துவதே இவற்றின் வேலை. முத்திரை இல்லாத குழலில் சுடுவது, பிரேக் சோதிக்காத வண்டியை மலையிலிருந்து இறக்குவதைப் போன்றது.

மூன்றாவது, எஃகுத் தகட்டின் கடினம். மலிவான நகல்களில் காணும் பெரிய குறை இது. தகடு மென்மையாக இருந்தால் கல் அதை வெட்டிக்கொண்டு போகும், பொறி வராது. சூடேற்றிப் பதப்படுத்தினால் சரியாகும் என்றாலும், அது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை. நான்காவது, தீத்துளை கிண்ணியின் மட்டத்துக்குச் சரியாக இருக்கிறதா என்பது.

சுடும்போது பின்பற்றவேண்டிய பழக்கங்களும் எல்லா நாட்டுக் கழகங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. கண்ணாடி கட்டாயம். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டக்கூடாது. முந்தைய சுடுதலின் கங்கு உள்ளே இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். புகையற்ற நவீன வெடிமருந்தை இந்தக் குழலில் ஒருபோதும் போடக்கூடாது. அதன் அழுத்தத்தைத் தாங்குமாறு இவை செய்யப்படவில்லை.

நகல் அசலாக வேடம் போட்டால்

நகல் என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. அதே நகலை அமிலத்தில் தோய்த்து, மண்ணில் புதைத்து, மரத்தைக் கீறி, 'தாத்தா காலத்துத் துப்பாக்கி' என்று விற்பதுதான் மோசடி. இந்தியா, நேபாளம் பக்கம் சுற்றுலா போகும் நம்மவர்களிடமும் இப்படிப்பட்டவை விலை பேசப்படலாம்.

பார்த்தவுடன் தீர்ப்புச் சொல்வது நிபுணருக்கே கடினம். ஆனாலும் சில அடையாளங்கள் கைகொடுக்கும். அசலின் அடிக்கட்டை பூட்டைச் சுற்றி மெலிந்து நயமாக இருக்கும். மலிவான நகலில் அது தடித்துக் கிடக்கும். அசலில் கிரீடத்தின் கீழ் 'ஜி ஆர்' என்ற எழுத்துகள் ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். நகலில் அது மேலோட்டமாக, சில நேரம் எழுத்து வடிவமே மாறியிருக்கும். கம்பெனித் துப்பாக்கி என்றால் 1808க்குப் பிறகு பூட்டில் கிரீடத்தைப் பிடித்து நிற்கும் சிங்கம் இருக்கவேண்டும். பொறித்த ஆண்டுக்கு அந்த முத்திரை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேய்மானம் இயல்பான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருபது ஆண்டு சுடப்பட்ட துப்பாக்கியில் தீத்துளையைச் சுற்றி அரிப்பு இருக்கும். கை பட்ட இடம் வழவழப்பாகும். கை படாத இடுக்கில் அழுக்குச் சேரும். பழசாக்கப்பட்ட நகலில் எல்லா இடமும் ஒரே அளவு துருப்பிடித்திருக்கும். பூட்டைக் கழற்றி, உள்ளிருக்கும் மரத்தைப் பார்த்தால் புது வெட்டு பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஒப்பீட்டுக்கு உதவ நல்ல நூல்கள் உள்ளன. ஹாவர்டு பிளாக்மோர் 1961இல் எழுதிய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிகள் பற்றிய நூலை இன்றும் சேகரிப்போர் கையில் காணலாம். பார்த்துப் பழக, லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகம் உண்டு. தமிழகம் செல்வோர் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் பழைய ஆயுதங்களைப் பார்க்கலாம்.

நேர்மையான சேகரிப்பாளர் ஒரு காரியம் செய்வார். தன் நகலைச் செய்தவர் யார், வாங்கியது எப்போது, என்னென்ன மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதித் துப்பாக்கியோடு வைப்பார். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளோ பேரர்களோ தெரியாமல் அதை அசலென்று விற்று, யாரையும் ஏமாற்றாமலும் தாமே ஏமாறாமலும் இருக்க அந்த ஒரு தாள் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒரே பொருளை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. பிரிட்டனின் 1968 துப்பாக்கிச் சட்டப்படி, அசல் பழந்துப்பாக்கியை அரும்பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கச் சான்றிதழ் தேவையில்லை. சுடக்கூடிய நகலுக்கோ சான்றிதழ் வேண்டும். கருமருந்து வாங்க இன்னொரு சான்றிதழ் வேண்டும். அசலுக்கு இல்லாத கட்டுப்பாடு நகலுக்கு! அமெரிக்காவில் அதே 1968இல் வந்த கூட்டரசுச் சட்டம், இவ்வகை நகலையும் 'பழம்பொருள்' என்ற பிரிவிலேயே சேர்க்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலை முற்றிலும் வேறு. இங்கே துப்பாக்கிச் சட்டங்கள் உலகிலேயே மிகக் கடுமையானவற்றில் சேரும். உண்மைத் துப்பாக்கியைப் போலத் தோன்றும் போலிப் பொருளும் அவற்றின் பிடியிலிருந்து தப்பாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் போலி ஆயுதங்களையும் குறிப்பிடுகிறது. சிங்கப்பூரில் நகல் துப்பாக்கியை இறக்குமதி செய்யக் காவல்துறையின் உரிமம் தேவை. "துளையே போடவில்லை, வெறும் அலங்காரம்தான்" என்று வெளிநாட்டு வணிகர் கொடுத்த உறுதிமொழி நம் சுங்கத்துறை முன்னால் செல்லாது. இணையத்தில் வாங்கிப் பொட்டலமாக வரவழைக்கலாம் என்று நினைப்பவரும், வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம் என்று நினைப்பவரும் ஆழம் தெரியாமல் காலை விடுகின்றனர். ஆசை இருந்தால், பணம் கட்டும் முன்பே காவல்துறையின் உரிமப் பிரிவை எழுத்து வழியாகக் கேட்டு, பதிலையும் எழுத்து வழியாகப் பெறவேண்டும். முடியாது என்று பதில் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

அனுமதியுள்ள நாட்டில் நகல் வைத்திருப்பவர்களுக்கும், அருங்காட்சியகங்களுக்கும் பொது எதிரி துரு. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. எரிந்தபின் எஞ்சும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுட்ட அன்றே சுடுநீரால் குழலைக் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெய் பூசாவிட்டால் மறுநாளே செம்மண் நிறம் தெரியும். மழையும் புழுக்கமும் நிறைந்த நம் போன்ற வட்டாரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். பித்தளையைப் பளபளக்கத் தேய்ப்பது நகலுக்குச் சரி. அசலுக்கு அது கேடு. ஒவ்வொரு தேய்ப்பிலும் பொறிப்பின் விளிம்பு கரைந்துபோகும்.

ஆகவே, இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. எதற்காக வாங்குகிறேன்? இது எப்போது, எங்கே, யாரால் செய்யப்பட்டது? நான் வாழும் நாட்டில் இதை வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறதா? மூன்றுக்கும் தெளிவான விடை இருந்தால் நகல் வாங்குவதில் தவறில்லை. ஒன்றுக்கேனும் விடை இல்லாவிட்டால், அருங்காட்சியகத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதே மேல். அங்கே நுழைவுச்சீட்டைத் தவிர வேறு செலவில்லை. நானிங் காட்டில் நனைந்த சிப்பாயை நினைத்துப் பார்க்க அதுவே போதுமானது.